ஏழாவது கதையின் அடியில் ஒரு வரி

ஐப்பசி 13, சனி

காலையிலிருந்து தூறல். அரைநாள் பள்ளி. மைசூர் முழுக்கத் தசரா விளக்குகளை இன்னும் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள், வழியெல்லாம் ஏணி. பாவாடை ஓரம் முழுக்கச் சேறு.

பூகோள நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கன்னடத்தில் எழுதினால் அண்ணன் எடுத்துப் படிப்பான். தமிழ் அவனுக்குப் பேச்சோடு சரி. அம்மாவுக்குத் தமிழ் படிக்க வரும், ஆனால் பள்ளி நோட்டைத் தொடமாட்டாள்.

இன்று மத்தியானம் நம் வீட்டில் அபிப்பிராயக் கூட்டம். தபாலாபீஸ் அக்கா பைண்டு புத்தகத்தை முறத்தில் வைத்து, மேலே கறிவேப்பிலையைப் பரப்பிக்கொண்டு வந்தாள். (இனி த.அக்கா.) பட்டணத்து வாரப் பத்திரிகைகள் தெருவில் முதலில் அவள் வீட்டுக்குத்தான் வரும். நல்ல கதைகளை மட்டும் வெட்டியெடுத்து பைண்டரிடம் கொடுத்து, பச்சைக் காலிகோ அட்டை போட்டு வைத்திருக்கிறாள். புத்தகம் வீடு வீடாகச் சுற்றும். படித்தவர்கள் கதையின் அடியில் பென்சிலால் அபிப்பிராயம் எழுத வேண்டும். பெயர் போடக்கூடாது. சுற்று முடிந்ததும் எல்லோரும் ஒரு வீட்டில் கூடி, அபிப்பிராயங்களை உரக்கப் படித்து, எது யார் எழுதியது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் விளையாட்டு.

கல்யாணம் ஆகாதவர்களுக்கு அந்தப் புத்தகம் கிடையாது. "உன் கையில அதப் பாத்தேன், அன்னையோட ஸ்கூல் நின்னுது" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்வாள்.

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

பேய்க் கதைக்கு ஒருத்தி எழுதியது: "பேய் பரவாயில்லை. எனக்கு நாத்தனார் இருக்கிறாள்." உடனே எல்லோரும் கம்பவுண்டர் வீட்டம்மாவைப் பார்த்தார்கள். "ஐயோ, நான் இல்லப்பா! எங்க நாத்தனாருக்குப் பேய்தான் பயப்படும்" என்றாள்.

விதவை ஒருத்தி சைக்கிள் பழகும் கதை. கீழே, "நடக்குமா?" அதற்கும் கீழே வேறொரு கை, "நடந்தால் என்ன?" மூன்றாவது கை, "நடக்கட்டும், நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன்."

ஏழாவது கதைக்கு வந்தார்கள். "கைப்பிடித்துக் கொடுத்தாள்." பிள்ளையில்லாத மனைவி தானே போய்ப் பெண் பார்த்து, புருஷனுக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைத்து, கடைசியில் விளக்கேற்றிச் சிரிக்கிறாளாம். அபிப்பிராயங்கள்:

"அழுதேன். ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது."

"எழுதியவர் ஆம்பிளை. சந்தேகமே வேண்டாம்."

"இவளே உத்தமி. ஒவ்வொரு பெண்ணும் படிக்க வேண்டும்."

கடைசியாக ஒன்று. த.அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திணறித் திணறிப் படித்தாள். "யாரோ கை நடுங்கிக்கினு எழுதியிருக்கா. 'இவள் எதற்கு சிரிக்கிறாள். எனக்கு பாவி இருக்கிறது.'"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கம்பவுண்டர் வீட்டம்மா தொடையில் தட்டிக்கொண்டு, "எனக்கும் ஒரு பாவி இருக்கிறான்னு எழுதியிருக்காடி! புருஷனத்தான்! எந்த வீட்டுல இல்ல பாவி? எங்க வீட்டுப் பாவி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு, அஞ்சு மணிக்கு வரும்!" வீடே இடிந்தது. அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அண்ணி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

யார் எழுதியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பாதிக் கதைகள் மிச்சம். மழை வலுத்ததால் புத்தகம் நம் வீட்டிலேயே இருக்கட்டும், அடுத்த சனி மறுபடி என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

சாயங்காலம் நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

விளக்கு வைக்கும் நேரம். அண்ணி கொல்லையிலிருந்து வந்து, "பாவில தண்ணி மேல வந்திருக்கு அத்தே, கையால மொண்டுடலாம் போல" என்றாள். அண்ணி நஞ்சன்கூட்டில் பிறந்து வளர்ந்தவள். கிணற்றைக் கன்னடத்துச் சொல்லால் பாவி என்றுதான் சொல்வாள். பால், பழத்தில் வருகிற ப இல்லை. பஸ்ஸில் வருகிற ப. அம்மா வேலூர்ப் பக்கம். எப்போதும்போல், "விளக்கு வெக்கிற நேரத்துல எவள பாவிங்கற? கெணறுன்னு சொல்லேம்மா, வாய் சுட்டுடுமா?" என்றாள்.

என் கையிலிருந்த தட்டு விழுந்தது.

எல்லோரும் படுத்தபிறகு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஏழாவது கதை, கடைசி வரி. ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் ஒரு சின்னக் கொக்கி. கன்னடத்துத் தலைக்கட்டு. கன்னடத்தில் எழுதிப் பழகிய கைக்கு அது தானாக வரும்.

எனக்குத் தெரியும் அந்தக் கை. அந்தக் கைக்குத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொடுத்தது நான்.

எனக்கு பாவி இருக்கிறது. பஸ் ப.

எனக்குக் கிணறு இருக்கிறது.


ஐப்பசி 14, ஞாயிறு

மழை இல்லை. இரவெல்லாம் தூங்கவில்லை. கொல்லைக் கதவு காற்றில் முனகினால்கூட எழுந்து உட்கார்ந்தேன். விடிந்ததும் அண்ணியின் வளையல் சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் அழுகை.

அண்ணிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்திருக்கிறது. வியாழக்கிழமை கூடத்தில் அம்மா அப்பாவிடம் பேசியதை நானும் கேட்டேன். அம்மா: "அஞ்சு வருஷம் பாத்தாச்சு, ஒரு புழு பூச்சி இல்ல. வேலூர்லேந்து பொண்ணு வீட்டுக்காரங்க அடுத்த வெள்ளிக்கு மறு வெள்ளி வராங்க. சும்மா வந்து பாத்துட்டுப் போகட்டுமே." அப்பா பேப்பரை இறக்கவில்லை. அண்ணன் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு, "உங்க இஷ்டம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அண்ணி சமையலறையில் அரைத்துக்கொண்டிருந்தாள். அம்மிச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தார்கள். நடுவில் அம்மி நின்றது. இப்போதுதான் ஞாபகம் வருகிறது, நடுவில் நின்றது.

அண்ணி எழுத்துக் கற்றுக்கொண்டது ஆடியில். எல்லோரும் பச்சைப் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கிணற்றடியில் அதையே பேசினார்கள். அண்ணிக்குக் கன்னடம்தான் படிக்க வரும். "புட்டி, நீ எனக்குத் தமிழ் சொல்லிக்கொடு. அத்தைக்குச் சொல்ல பேடா" என்றாள். பேடா என்றால் வேண்டாம். என்னைப் புட்டி, சின்னப்பெண், என்றுதான் கூப்பிடுவாள். அம்மாவுக்குத் தெரியாமல் மாவு சலிக்கும்போது மாவிலேயே எழுதிக் காட்டினேன். ப வந்தபோது சண்டை.

"எங்களுக்கு நாலு ப இருக்கு. மிச்ச மூணும் எங்க?"

"தமிழ்ல ஒண்ணுதான் அண்ணி. ஒண்ணே நாலு வேலையும் பாக்கும்."

"அப்போ என்னை மாதிரி" என்று சொல்லிச் சிரித்தாள். மாவு மூக்கில் ஏறித் தும்மினோம்.

நான் கற்றுக்கொடுக்காமல் இருந்திருந்தால் அவள் அந்தக் கதையைப் படித்திருக்க மாட்டாள்.

"இவளே உத்தமி" என்று எழுதியது அம்மா. வயிறு பெருத்த த அம்மாவுடையது. சுற்றில் நம் வீடு கடைசி, வெள்ளி வரை புத்தகம் இங்கேதான் இருந்தது. அதற்கு நேர் கீழேதான் அண்ணி எழுதியிருக்கிறாள். பக்கத்தில் வேறு இடம் இருந்தது. அங்கேதான் எழுதினாள்.

யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் புத்தகத்தைத் தொட்டது தெரியும், எழுத்துக் கற்றுக்கொடுத்தது தெரியும். பள்ளி போகும். பள்ளி போனால் எனக்கும் வேலூரிலிருந்து யாராவது வருவார்கள். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். அண்ணியிடமே கேட்கலாம். கேட்டால் இல்லை என்பாள். ஆமாம் என்றால்?

அப்பா இருமுகிறார். நிறுத்துகிறேன்.


ஐப்பசி 15, திங்கள்

வெயில். பள்ளியில் கணக்கு டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழவில்லை. பெஞ்சில் நிற்கவைத்தார். நின்றால் ஜன்னல் வழியாக வாசல் தெரியும், யாராவது என்னைக் கூப்பிட ஓடி வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

வீடு வரை ஓடினேன். அண்ணி கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. "நாய் துரத்திச்சா?" என்றாள்.

ராட்டினக் கயிற்றை அவிழ்த்து விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். இரவு படுத்தபிறகு தோன்றியது. குதிப்பதற்குக் கயிறு எதற்கு? நான் ஒரு மடச்சி.


ஐப்பசி 16, செவ்வாய்

கயிற்றைக் காணோம் என்று காலையில் ரகளை. அம்மா அண்ணியைத்தான் திட்டினாள். "ஆடி மாசத்துல பித்தளைச் சொம்பு போச்சு, இப்ப கயிறு போச்சு. நஞ்சன்கூடு ரொம்பத் தூரமில்ல பாரு." சொம்பு காணாமல் போனதிலிருந்து அண்ணி அதைப் பிறந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள் என்றே அம்மா சொல்லிவருகிறாள். அண்ணி பதில் சொல்லவில்லை. முன்பெல்லாம் சொல்வாள். "நான் எடுக்கல அத்தே, சத்தியமா" என்பாள். இன்று வெறுமனே சாணம் கரைத்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

கயிற்றை விறகடியில் பார்த்தேன் என்று எடுத்துக் கொடுத்தேன். எலி இழுத்திருக்கும் என்றார்கள்.

அண்ணி தன் புதுப் புடவையை என்னிடம் கொடுத்தாள். தசராவுக்கு எடுத்தது, மாம்பழ நிறம். "நீ பெரியவளானா கட்டிக்கோ. எனக்கு இந்தக் கலரு சேராது." நான் வாங்கமாட்டேன் என்று கத்திவிட்டேன். சும்னே கொடுக்கிறேன், ஏன் கத்துகிறாய் என்றாள்.

சாமி, சாமுண்டி, தாயே.


ஐப்பசி 17, புதன்

இன்று பொய் சொன்னேன். பெரிய பொய்.

பள்ளியிலிருந்து வந்ததும் கிணற்றுக்குள் பூனை விழுந்துவிட்டது, கண்ணால் பார்த்தேன் என்றேன். செத்த பூனை கிடக்கிற கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்கமாட்டார்கள், மேலே பலகை போட்டு மூடிவிடுவார்கள் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

மூடவில்லை. த.அக்கா வீட்டுப் பாதாளக் கரண்டியை வாங்கிவந்து அண்ணனும் அப்பாவும் துழாவ ஆரம்பித்தார்கள். தெருவே கொல்லையில். கம்பவுண்டர் வீட்டம்மா, "பூனைக்கு நீச்சல் தெரியும்டி, அது எந்நேரமோ ஏறி எங்க வீட்டுப் பாலைக் குடிச்சுட்டுப் போயிருக்கும்" என்றாள். எல்லோரும் கிணற்றுக்குள் பார்த்தார்கள். அண்ணி மட்டும் என்னைப் பார்த்தாள்.

கொக்கியில் ஏதோ மாட்டியது. இழுத்தால் பாசி படிந்த பித்தளைச் சொம்பு.

அண்ணன் சொம்பைத் தரையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். அதிலிருந்து தண்ணீர் வடிந்தபடி இருந்தது. அம்மா பார்த்தாள். "சரி, புளி போட்டுத் தேச்சு வை" என்றாள். அண்ணியைப் பார்க்காமல்.

அண்ணி தேய்த்தாள். பளபளவென்று ஆகிவிட்டது. அதன் பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பூனை கிடைக்காததற்கு எனக்கு ஒரு அறை.

படுக்கப் போகும்போது அண்ணி காதருகில் வந்து, "பூனை இல்லேன்னு உனக்குத் தெரியும், அல்வா?" என்றாள். அல்லவா என்பது கன்னடத்தில் அப்படி. நான் போர்வையை இழுத்துக்கொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.


ஐப்பசி 19, வெள்ளி

நேற்று எழுதவில்லை. விளக்கை அண்ணன் எடுத்துப்போய்விட்டான்.

வேலூர்க்காரர்களிடமிருந்து கார்டு. அடுத்த வெள்ளி காலை ரயிலில் வருகிறார்களாம். அம்மா பாய்களை வெயிலில் போடச் சொன்னாள். போட்டது அண்ணி.

"யார் வராங்க அத்தே?"

"தூரத்து சொந்தம்."

அண்ணி பாயை இரண்டு முறை உதறினாள்.


ஐப்பசி 20, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானம் மறுபடி கூட்டம். த.அக்காவின் மூக்குக் கண்ணாடியை அவள் பிள்ளை மிதித்துவிட்டான், படிக்க முடியாது. போன வாரம் வராத மரக்கடை அத்தை இன்று வந்திருந்தாள். மைசூரிலேயே பிறந்தவள், குரல் கடைத்தெரு வரை கேட்கும். "உங்க பொண்ணு ஸ்கூல்ல படிக்கறா அல்வா கனகம்மா? அவளப் படிக்கச் சொல்லுங்க. கதையா படிக்கப் போறா, அபிப்பிராயம்தானே!"

அம்மா யோசித்தாள். "அபிப்பிராயம் மட்டும். மேல கண்ணு போகக்கூடாது." ஒரு விசிறியை எடுத்துக் கதையின் மேல் வைத்து மறைத்து, அடியில் மட்டும் தெரியும்படி பிடித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

எட்டாவது, ஒன்பதாவது கதைகளின் அபிப்பிராயங்களைப் படித்தேன். குடையைத் தொலைக்கும் குமாஸ்தா கதைக்கு, "என் வீட்டுக்காரரைப் பற்றி இவருக்கு யார் சொன்னது?" மரக்கடை அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அப்போது கம்பவுண்டர் வீட்டம்மா, "ஏய், அந்தப் பாவி வரியைப் படிடி! இவங்க போன வாரம் இல்ல, பாவம். ஏழாவது கதை!" என்றாள். மரக்கடை அத்தையிடம், "கேளுங்க, வயிறு புண்ணாப்பூடும்" என்றாள்.

பக்கம் திரும்பியது. விசிறி வந்தது. அண்ணி காபித் தட்டோடு நிலைப்படியில்.

அழுதேன், ரசம் பொங்கி. படித்தேன். எழுதியவர் ஆம்பிளை. படித்தேன். இவளே உத்தமி. படித்தேன். அம்மா விசிறியைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தாள்.

"இவள் எதற்கு சிரிக்கிறாள்."

கம்பவுண்டர் வீட்டம்மா சிரிக்கத் தயாராக வாயைத் திறந்துவிட்டாள்.

மறுபடியும் அந்தச் சிரிப்பை அண்ணி கேட்கவேண்டியிருக்கும். தட்டைப் பிடித்துக்கொண்டு, நின்று, கேட்கவேண்டியிருக்கும். நான் பால் ப போட்டுப் படித்தால்.

"எனக்கு பாவி இருக்கிறது" என்று படித்தேன். பஸ் ப போட்டு. கத்தியே படித்துவிட்டேன் போலிருக்கிறது.

கம்பவுண்டர் வீட்டம்மா பாதிச் சிரிப்பில் நின்றாள். "என்னாது? சரியாப் படி."

மறுபடி படித்தேன். அதே மாதிரி.

மரக்கடை அத்தைக்குத்தான் முதலில் புரிந்தது. "பாவியா?" என்று அவளும் பஸ் ப போட்டுக் கேட்டாள். அப்புறம் மெதுவாக, அவளுக்கு அவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது, "கெணறா?"

தெருவில் தயிர்க்காரி போகிற சத்தம் கேட்டது. த.அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தானே போன வாரம் படிச்சேன்" என்றாள். "நான்தானே."

யார் எழுதியது என்று யாரும் கேட்கவில்லை. முதல் தடவையாக.

அண்ணி தட்டைக் கீழே வைத்தாள். சத்தமில்லாமல், ஒரு டம்ளர் கூடச் சாயாமல். உள்ளே போனாள்.

அம்மா என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். அம்மாவுக்குக் கன்னடம் படிக்க வராது. ஆனால் அண்ணி நஞ்சன்கூட்டுக்கு எழுதும் கார்டு ஒவ்வொன்றையும் தபாலில் போடும் முன் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், தன்னைப் பற்றி எழுதியிருக்கிறாளா என்று. படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தலையில் இருக்கும் கொக்கி.

விரலை அந்தக் கொக்கிகள்மேல் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாள். அப்புறம் விரல் மேலே, தன் வரிக்குப் போனது. அங்கேயே நின்றது.

எல்லோரும் ஒவ்வொருவராகப் போனார்கள். காபி அப்படியே இருந்தது. மரக்கடை அத்தை மட்டும் வாசலில் நின்று, "கனகம்மா, கோவிச்சுக்காதீங்க. கெணத்துக்கு ஒரு மூடி போட்டுடுங்க. மரம் நான் அனுப்பறேன்" என்றாள்.

அம்மா என்னை அடிப்பாள் என்று சுவரோரம் நின்றேன். அடிக்கவில்லை. "நீதான் எழுதக் கத்துக்குடுத்தியா?" தலையை ஆட்டினேன். "எப்பலேந்து தெரியும் உனக்கு இது?" போன சனியிலிருந்து என்றேன். "பூனையா அது" என்றாள். அவ்வளவுதான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மாவை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அடியைவிட அது பயமாக இருந்தது.

இப்போது அண்ணி பக்கத்தில் படுத்திருக்கிறாள். அம்மா அவளை இங்கே படுக்கச் சொல்லிவிட்டுத் தானும் பாயைக் கொல்லைக் கதவுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டிருக்கிறாள். அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எல்லார் எதிர்லயும் ஓதிட்டயே, புட்டி."


ஐப்பசி 21, ஞாயிறு

மேகமூட்டம். அண்ணி என்னோடு பேசவில்லை. தலை வாரிவிட்டாள், பேசவில்லை. பின்னல் இறுக்கமாக இருந்தது, வலித்தது, சொல்லவில்லை.

விடியற்காலையில் அண்ணி எழுந்து குடத்தை எடுத்தாள். அம்மா கதவுக்குக் குறுக்கே எழுந்து நின்றாள். குடத்தின் கழுத்தை இரண்டு பேரும் பிடித்திருந்தார்கள். இரண்டு பேரும் விடவில்லை. நான் போர்வைக்குள்ளிருந்து பார்த்தேன்.

அம்மா சொன்னாள்: "பாவில தண்ணி நான் எடுத்துக்கறேன். நீ அடுப்பப் பாரு."

பஸ் ப.

எனக்குச் சரியாகக் கேட்டது. அம்மா வாயில் அந்தச் சொல் இதுவரை அப்படி வந்ததில்லை. அண்ணியின் கை குடத்திலிருந்து நழுவியது.

அம்மா தண்ணீர் சேந்தி எத்தனை வருஷம். கயிறு உள்ளங்கையை அறுத்துவிட்டது. அண்ணி விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். தடவிவிடவில்லை.

அம்மா இரங்கினாளா, பயந்தாளா தெரியவில்லை. அப்பாவிடம், "ஊர் சிரிக்கும். போலீஸ் வரும். நாளைக்கு இந்தப் பொண்ண எவன் கட்டுவான்?" என்று சொல்வது கேட்டது. அப்புறம், "சொம்ப அவ எடுக்கல" என்றாள். அப்பா பேப்பரை இறக்கினார்.

மரக்கடையிலிருந்து பலகை வந்துவிட்டது. புது மரத்தின் வாசனை கொல்லை முழுக்க. அண்ணன்தான் ஆணி அடித்தான். அடித்துவிட்டு நிமிர்ந்து சமையலறை ஜன்னலைப் பார்த்தான். "ரத்னா, கொஞ்சம் தண்ணி" என்றான். அண்ணி ஜன்னல் வழியாகவே சொம்பை நீட்டினாள். அந்தச் சொம்பு. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். குடித்ததாகத் தெரியவில்லை.

என் பள்ளியைப் பற்றி யாரும் பேசவில்லை. நாளைக்கு வழக்கம்போல் கிளம்பிப் பார்க்க வேண்டும்.


ஐப்பசி 22, திங்கள்

கிளம்பினேன். அம்மா மோர்சாதம் கட்டிக் கொடுத்தாள். கணக்கில் நான்கு தப்பு.

சாயங்காலம் திரும்பியபோது கூடத்தில் அம்மா, அறுபட்ட கையில் துணி சுற்றியபடி. எதிரே அண்ணி. நடுவில் மைக்கூடு, பேனா, ஒரு வெள்ளைக் கார்டு.

"உனக்குத்தான் தமிழ் எழுத வருதே. எழுது. என் கை புண்ணாயிருக்கு."

அண்ணி அசையவில்லை.

"விலாசம் நான் சொல்றேன். வேலூர்."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு, பள்ளியில் டிக்டேஷன் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "க்ஷேமம். எழுதிட்டியா? நீங்கள். வெள்ளிக்கிழமை. இங்கே. வர வேண்டாம்."

பேனா "இங்கே" வரை போனது. நின்றது. மை சொட்டி ஒரு புள்ளி விழுந்தது. அண்ணி ரொம்ப நேரம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அவளையே எழுதவைப்பது தண்டனையா, வேறு ஏதாவதா என்று எனக்குப் புரியவில்லை. கதவோரம் புத்தகப்பையோடு நின்றேன்.

அண்ணி திரும்பாமலே கேட்டாள். இரண்டு நாள் கழித்து.

"புட்டி. 'வர'வுக்கு எந்த ர? ப ஒண்ணு, ர ரெண்டு. உங்க கணக்கே எனக்குப் புரியல."

"சின்ன ர, அண்ணி."

எழுதினாள். வர வேண்டாம். பழக்கத்தில் ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் கொக்கி போட்டுவிட்டாள். அம்மா கார்டை வாங்கிப் பார்த்தாள். அழித்து எழுதச் சொல்லவில்லை.